மாமாவின் தாடையும் களத்து நெல்லும்

கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரனுக்கு வயது 22. புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்திருக்கிறான். தினந்தோறும் முகக்ஷவரம் செய்து கொண்டு போக வேண்டிய உத்தியோகம். ரேஸரைக் கையில் எடுத்து ஆறு மாதம் ஆவதற்குள், தாடைக்குக் கீழும் கழுத்திலும் கடுகு கடுகாகப் பருக்கள் கிளம்பி, அவை கறுத்துத் தழும்பாகி, பிள்ளை நாலு பேர் நடுவில் முகத்தைக் காட்டவே கூசுகிறானாம். "இரத்தம் கெட்டுப் போயிற்று" என்கிறார் பாட்டனார். "உடம்பில் உஷ்ணம்; சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் கொள்ளாததன் பலன்" என்கிறாள் பாட்டி. "எல்லாம் கடைக்காரன் கத்தியால் வந்த வினை, ஆளை மாற்று" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். "இவற்றில் எது சரி? எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி வந்ததில்லையே!" என்று கடிதத்தை முடித்திருக்கிறார் நேயர்.

பாட்டனார், பாட்டியார், அடுத்த வீட்டுக்காரர் மூவரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் மூவர் சொல்வதும் சரியல்ல என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. "வம்சத்தில் இல்லை" என்று நேயர் சொல்கிறாரே, அந்த நாலாவது அபிப்பிராயந்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக இருக்கக் கூடும். அது ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என்னுடைய மாமாவின் தாடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1965-ம் வருஷம். எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறைக்கு அரசலாற்றங்கரையில் இருந்த மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா நல்ல மிராசுதார். கருகருவென்ற சுருட்டை முடிக்காரர். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஊர் நாவிதர் கக்கத்தில் அடைப்பத்தை இடுக்கிக் கொண்டு கொல்லைப்புறம் வருவார். வேப்பமரத்து நிழலில் மணையைப் போட்டு மாமா உட்காருவார். கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சப்தம் கேட்டால் நான் ஓடிப் போய் எதிரே குந்திக் கொள்வேன்.

அந்தக் காலத்து ஏற்பாட்டை இளம் நேயர்கள் அறிய மாட்டார்கள். நாவிதருக்கு அன்றன்றைக்குக் காசு கிடையாது. அறுவடையானதும் களத்தில் இத்தனை மரக்கால் நெல் என்று வீட்டுக்கு வீடு சுதந்திரம் உண்டு. வருஷம் முழுவதும் செய்த ஊழியத்துக்கு அதுதான் கூலி. தமிழ் நாட்டில் அந்தச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்று பெயர் இருப்பது வெறும் உபசாரம் அல்ல. கட்டி அறுப்பதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவர்களுடைய தொழிலாகவே இருந்தன. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். தஞ்சை ஜில்லாவில் நாகஸ்வரமும் தவிலும் வாசித்துப் பேர் பெற்றவர்களும் அவர்களில் உண்டு.

மாமாவுக்கு ஒரு நிபந்தனை. க்ஷவரம் ஆனபின் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழ வேண்டும்! ஆகவே ஒரு தரம் மேலிருந்து கீழாக, ஒரு தரம் பக்கவாட்டில், பிறகு தோலை இழுத்துப் பிடித்துக் கொண்டு கீழிருந்து மேலாக என்று மூன்று தரம் கத்தி ஓட வேண்டும். மூன்றாவது தரத்துக்கு நாவிதர் எப்போதும் தயங்குவார்.

"எசமான், உங்களுக்குச் சுருட்டை முடி. எதிர்த்து இழுத்தால் முளை உள்ளேயே மடங்கிக்கும். மேலாக விட்டுடறேனே" என்பார்.

"கத்தி மழுங்கல் என்று சொல்லேன்! அதற்கு என் முடியையா குற்றம் சொல்கிறாய்?" என்பார் மாமா.

மூன்றாவது தரமும் கத்தி ஓடும். அடுத்த நாலைந்து நாளில் மாமாவின் கழுத்து முழுவதும் பொரிப் பொரியாகக் கிளம்பும். ஒவ்வொரு தரமும் பழி கத்தியின் மேலும், கத்தி பிடித்த கையின் மேலும் விழும். கடைசியில் ஒரு நாள், "அசுத்தக் கத்தியால் எனக்குச் சிரங்கு ஒட்ட வைத்து விட்டான்" என்று தெருவறியச் சொல்லி அவரை வர வேண்டாம் என்று நிறுத்தி விட்டார். அந்த வருஷம் சம்பா அறுவடையில் கூடையோடு களத்துக்கு வந்த நாவிதர் வெறுங்கூடையோடு திரும்பினார். பெரிய வீடு நிறுத்தினால் சின்ன வீடுகளும் நிறுத்துவது வழக்கம். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் குடும்பம் ஊரை விட்டு மாயவரத்துக்குப் போய் விட்டது.

மாமா பட்டணத்திலிருந்து ஒரு சேஃப்டி ரேஸர் தருவித்தார். பருக்கள் குறையவில்லை; இரட்டித்தன! பிறகு சோப்பை மாற்றினார்; கத்தரிக்காயை நிறுத்தினார்; மாம்பழத்தை நிறுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மாமி ஒரு வழி சொன்னாள்: வைத்தீசுவரன் கோயிலுக்கு வேண்டிக் கொண்டு, 48 நாள் தாடி வளர்த்து, சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, முடியிறக்கி விட்டு வருவது என்று. வெல்லம் தண்ணீரில் கரைவது போல் உடம்பில் உள்ள கட்டியும் பருவும் கரைந்து விடும் என்பது நம் பக்கத்தில் நீண்ட நாளைய நம்பிக்கை.

மாமா தாடி வளர்த்தார். ஆச்சரியத்தைக் கேளுங்கள்! கோயிலுக்குப் போவதற்கு முன்பே, தாடி வளர்ந்த ஆறு வாரத்துக்குள்ளேயே, பருக்கள் அத்தனையும் அடங்கி விட்டன. வைத்தியநாத சுவாமியின் மகிமையை மாமா ஊரெல்லாம் சொன்னார். கோயிலுக்குப் போய் வெல்லம் கரைத்து, தலையையும் தாடியையும் மழித்துக் கொண்டு திரும்பினார். மறுபடியும் ரேஸரை எடுத்தார். பதினைந்தாம் நாள் கழுத்தில் பழைய பொரி!

அந்தப் புதிரை விடுவிக்க எனக்கு வெகு காலம் ஆயிற்று. ஆனால் மாமா நாவிதரை நிறுத்தின வருஷத்துக்கு ஒன்பது வருஷம் முன்னதாகவே, 1956-ல், அமெரிக்காவில் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் வைத்தியர்கள் இந்தப் பருவின் அந்தரங்கத்தை விளக்கி எழுதியிருந்தார்கள். இது சிரங்கு அல்ல. ஒட்டுகிற வியாதியும் அல்ல. முடியே முள்ளாகித் தைப்பதுதான் இது.

அறுவடையான வயலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிமிர்ந்து நிற்கிற நெற்பயிர் காலைக் குத்துவதில்லை. அரிவாள் சாய்த்து அறுத்த தாள்தான் ஊசி மாதிரி குத்துகிறது. கத்தி பட்ட முடியின் நுனியும் அப்படியே சாய்வாக வெட்டுப்பட்டுக் கூர்மையாகி விடுகிறது. நேரான முடியாயிருந்தால் அது வெளிநோக்கி வளர்ந்து போய் விடும். யாருக்கும் துன்பம் இல்லை. சுருண்ட முடியோ, தோலுக்குள் இருக்கும் வேர்க்குழியிலேயே வளைந்து, தோலை ஒட்டினாற்போல் வெளியே வருகிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்ததும் கொக்கி போல் திரும்பிப் பக்கத்துத் தோலிலேயே தைத்து உள்ளே புகுகிறது. தோலை இழுத்துப் பிடித்து ஒட்டச் சிரைத்தாலோ இன்னும் மோசம். விட்டவுடன் வெட்டுண்ட முடி தோலின் மட்டத்துக்குக் கீழே போய் விடுகிறது. வெளியே தலை நீட்டாமலே குழியின் சுவரைத் துளைத்துக் கொண்டு போகிறது. எப்படிப் புகுந்தாலும், சரீரம் தன் முடியையே அந்நிய வஸ்துவாகப் பாவித்து யுத்தத்துக்குக் கிளம்புகிறது. அந்த யுத்தகளந்தான் பரு.

மாமா 48 நாள் கத்தி படாமல் இருந்தாரல்லவா? முடி நீளமாக வளர வளர, புதைந்து கிடந்த நுனிகள் வில் நிமிர்வது போல் இழுபட்டு வெளியே வந்து விட்டன. சுவாமி அருளைக் குறித்து நான் ஒன்றும் சொல்லத் துணியவில்லை. ஆனால் பருவை அடக்கியதில் பிரார்த்தனையின் ஓர் அங்கமாகிய தாடிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நிச்சயம். பிறகு ரேஸரை எடுத்தது, அறுத்த தாளை மறுபடி வயலில் பரப்பியது போலத்தான்.

சரி, ஒரே சோப்பும் ஒரே பிளேடும் உபயோகிக்கும் இரண்டு பேரில் ஒருவன் முகம் பளிங்காகவும் மற்றவன் முகம் பொரியாகவும் இருப்பானேன்? இங்கேதான் வம்சம் வருகிறது.

முதலாவது, முடியின் சுருள் நாம் பெற்றோரிடமிருந்து பெறுவது. அதை ஒரே ஒரு பரம்பரைக் கூறு நிர்ணயிப்பதில்லை; பல கூறுகள் சேர்ந்து நிர்ணயிக்கின்றன. அடர்ந்த சுருள்முடி உள்ள ஆப்பிரிக்க வமிசத்தாருக்கு இந்தப் பரு மிக அதிகமாக வருகிறது. வெள்ளையருக்கு அவ்வளவாக இல்லை. நம்மவர்களில் நேர்முடி, அலைமுடி, சுருள்முடி எல்லாம் கலந்திருப்பதால் சிலருக்கு வருகிறது, பலருக்கு வருவதில்லை.

இரண்டாவது இன்னும் ரஸமான விஷயம். பயிர் பொதி கட்டியிருக்கும்போது கதிர் உறைக்குள்ளே இருந்து மெல்ல வெளிப்படுகிறதல்லவா? முடியும் அப்படி உறைகளுக்குள்ளேயே வளர்கிறது. உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் நடுவே ஒரே வரிசை அணுக்களாலான மெல்லிய படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்துக்கு உரம் கொடுக்கும் புரதம் கெராட்டின் 75. இதைச் செய்வதற்கான கட்டளை நம்முடைய 12-வது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. 2004-ம் வருஷத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். சிலருக்கு அந்தக் கட்டளையில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதன் பயனாகப் புரதத்தில் அலனின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் திரியோனின் வந்து உட்கார்ந்து விடுகிறது. அந்த ஒரு மாறுதலால் படலம் பலவீனப்படுகிறது. இந்த மாறுதல் உள்ளவர்களுக்குப் பரு வரும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் சுமார் ஆறு மடங்கு அதிகம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆறு மடங்கு என்றவுடன் தலையெழுத்து என்று நினைத்து விட வேண்டாம். மாறுதல் இருந்தும் பரு வராதவர்கள் உண்டு. இல்லாமலே வந்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தியே படாத முகத்தில் இந்தப் பரு பெரும்பாலும் தோன்றுவதே இல்லை. பரம்பரை விறகை அடுக்கி வைக்கிறது. நெருப்பு வைக்கிறது கத்தி.

இப்போது நேயரின் "வம்சத்தில் இல்லையே" என்பதைக் கவனிப்போம். நம் வழக்கப்படி வம்சம் என்றால் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஆண்வழியாகவே பார்க்கிறோம். ஆனால் 12-வது குரோமோசோம் கோத்திரம் பார்ப்பதில்லை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றில் ஒன்றில் மாறுதல் இருந்தாலே போதும். தாய்க்கு அது இருந்தால் அவளுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவளோ தாடி சிரைப்பவள் அல்லள்! ஆகையால் அவளிடம் அது இருப்பது அவளுக்கே தெரியாது. அவளுடைய சகோதரனின் தாடையிலும் அவளுடைய பிள்ளையின் தாடையிலுந்தான் அது வெளிப்படும். எனக்கு இருபது வயதானபோது என் கழுத்தில் மாமாவின் பொரி அச்சாகக் கிளம்பிற்று. என் தகப்பனாருக்கோ கடைசி வரையில் முகம் கண்ணாடி. "மாமனைப் போல் மருமகன்" என்று என் தாயார் சிரித்தாள். சாஸ்திர சம்மதமான வார்த்தை என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆகவே, நேயரே, உங்கள் மைத்துனரின் கழுத்தை ஒரு தரம் பாருங்கள்!

இது வெறும் முக அழகைப் பற்றிய சமாசாரம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒமாஹா நகரில் பிட்ஸா கொண்டு போய்க் கொடுக்கும் வேலையில் இருந்த ஒரு கறுப்பினத்தவரை, தாடியை மழிக்கவில்லை என்பதற்காக 1984-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவருக்கு இருந்தது இதே வியாதி, மழித்தால் பரு. தாடியே கூடாது என்ற விதி கறுப்பினத்தவர்களை அதிகமாகப் பாதிக்கிறது, அது தொழிலுக்கு அவசியம் என்பதையும் கம்பெனி நிரூபிக்கவில்லை என்று 1993-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒருவர் பிறவியில் பெற்ற முடிக்காக அவருடைய சோற்றில் மண் போடலாகாது என்பதே அதன் சாரம். அரசலாற்றங்கரையிலும் முடிக்காக ஒருவர் சோறு போயிற்று. ஆனால் முடி ஒருவருடையது; போன சோறு மற்றொருவருடையது!

நாவிதர்களிடம் ஒரு போதும் குற்றமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. கிருமியால் உண்டாகும் மெய்யான சிரங்கும் உண்டு. படர்தாமரை தாடியில் வருவதும் உண்டு. ஒருவருக்கு உபயோகித்த பிளேடை மற்றொருவருக்கு உபயோகித்தால் மஞ்சட்காமாலை முதலிய பெரிய வியாதிகளே தொற்றக் கூடும். ஆகையால் கடையில் புதுப் பிளேடு கேட்பது நம் உரிமை. இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நல்ல வெளிச்சத்தில் பருவை உற்றுப் பார்த்தால் உள்ளே கருநூல் போல் வளைந்த முடி தெரியும். சிரைப்பதை நிறுத்தினால் சில வாரத்தில் அடங்கும். முக்கியமாகக் கழுத்திலும் தாடைக்கு அடியிலும் இருக்கும். அப்படியானால் குற்றவாளி கடைக்காரர் அல்லர். சிரைப்பதை நிறுத்தியும் பரவினால், சீழ் வடிந்தால், ஜுரம் கண்டால், வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

பரிகாரம் என்ன? உத்தியோகத்தில் இடம் உண்டானால் தாடி வளர்ப்பதே முதல் தரமான வைத்தியம். இல்லாவிட்டால், நாலு வாரமாவது கத்தி படாமல் இருந்து பழைய பருக்கள் அடங்கவிட வேண்டும். அதற்குப் பிறகு தோலை ஒட்டச் சிரைக்கும் ஆசையை விட்டு விட வேண்டும். டிரிம்மர் வைத்து ஒரு மில்லிமீட்டர் முடியை விட்டு வெட்டுவது உத்தமம். ரேஸர்தான் வேண்டுமென்றால் வெந்நீரால் முகத்தை நனைத்து, நன்றாக நுரை பூசி, ஒற்றைப் பிளேடால், முடி வளரும் திசையிலேயே, தோலை இழுக்காமல் சிரைக்க வேண்டும். 1904-ல் ஜில்லெட் என்பவர் பேடண்ட் பெற்ற சேஃப்டி ரேஸரில் ஒரு பிளேடுதான் இருந்தது. 1971-ல் இரட்டைப் பிளேடு வந்தது. ஒன்று முடியை இழுத்துப் பிடிக்க, மற்றொன்று வெட்ட, மிச்சம் தோலுக்குள் போய் விடுகிறது. நேர்முடிக்காரருக்கு வரம், சுருள்முடிக்காரருக்குச் சாபம். தோலில் தைத்திருக்கும் முடியின் நுனியைச் சுத்தமான ஊசியால் மெல்ல நெம்பி விடலாம். வேரோடு பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் புது முடி மறுபடி உள்ளேயே திரும்பும். மோவாயில் முடி பிடுங்கிக் கொள்ளும் ஸ்திரீகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் நாளடைவில் முகத்தையே கெடுத்து விடும். மிகவும் தொல்லையானால் தோல் வைத்தியர்கள் லேஸர் ஒளியால் முடியின் வேரையே தளர்த்துகிறார்கள். கறுத்த தோலுக்கு ஏற்ற நியோடிமியம்-யாக் லேஸர் உண்டு.

மாமா தம் அறுபதாம் கலியாணத்துக்குப் பிறகு தாடி வளர்த்து விட்டார். முகம் தெளிந்து விட்டது. ஊரார் அவரைப் பெரிய பக்திமான் என்று சொன்னார்கள். அந்தத் தாடியோடேயே காலமானார்.

போன வருஷம் மயிலாடுதுறையில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து விட்டு, கத்தியை வைத்து விட்டு மிஷினை எடுத்தார். "சுருட்டை முடி ஐயா. எதிர்த்து இழுத்தால் முளை உள்ளேயே மடங்கிக்கும். மேலாக விட்டுடறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த ஊர் என்று விசாரித்தேன். அந்த நாவிதரின் குமாரரேதான்!

இன்னார் மருமகன் நான் என்று சொன்னேன். ஹைடல்பர்க்கையும் 12-வது குரோமோசோமையும் பற்றிச் சொன்னேன். அவருடைய தகப்பனார் மேல் குற்றமே இல்லை என்று இப்போது நிரூபணமாகி விட்டது என்றும் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தாமல் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தார்.

"அப்பா அதை அன்னிக்கே சொன்னாரே, ஐயா" என்றார்.

கூலிக்கு மேலே ஒரு தொகையை வைத்தேன். கூலியை மட்டும் எடுத்துக் கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளி விட்டார். அந்த வருஷத்துக் களத்து நெல் இன்னும் பாக்கி நிற்கிறது.